நல்ல நண்டும் நோஞ்சான் நண்டும்

முகத்துவாரக்குப்பம்
ஞாயிறு

அன்புள்ள வல்லரசுக்கு, சித்தி வினிதா எழுதுவது. நான் எழுதுவது உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம், மன்னித்துக்கொள். போனில் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கோவாவில் நீ நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே உயிருக்கு ஆபத்தில்லை. உன் நைனாவின் வலது கை எலும்பு ஒடிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது, பிளேட் வைத்துத் தைத்திருக்கிறார்கள். தலையணைக்கடியில் மீன் வெட்டும் கத்தியோடு படுக்கிறார். நேற்று எத்திராஜின் ஆட்கள் நம் வலையைக் கொளுத்திவிட்டார்கள். நீ ரெண்டு பேரோடு வந்து எத்திராஜ் கையை எடுக்கிறேன் என்று போனில் சொன்னதும், நைனா "அவன நானே பாத்துக்கறேன், நீ வராத" என்றதும் என் காதில் விழுந்தது. அடிதடி எப்படி வந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது.

கம்பெனி விடும் சுடுதண்ணீரால் ஆற்றில் நண்டு சாகிறது என்ற நம் புகாருக்கு அடுத்த மாதம் விசாரணை. வாயால் சொன்னால் எடுபடாது, செய்து காட்டுவோம் என்றது நான்தான். ஒரே மாதிரிக் கூடை, ஒரே ஆழம், ஒரே இரை; பாதிக் கூடைகள் சுடுதண்ணீர் விழும் இடத்தில், பாதி அந்தத் தண்ணீர் எட்டாத முகத்துவாரத்துப் பக்கம். எந்த நண்டு எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள் என்று நைனாவிடம் சொல்லியிருந்தேன். ஒரு வாரம் கழித்துச் செத்ததை எண்ணி, கட்டம் போட்ட தாளில் இரண்டு பட்டைகள் வரைந்தேன். சுடுதண்ணீர்ப் பட்டை தாளின் உச்சியைத் தொட்டது, மற்றது விரல் உயரம்கூட இல்லை. பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கினேன், எதையும் பெரிதாக்கிக் காட்டவில்லை. அதை மீன் ஏலம் போடும் கொட்டகையில் ஒட்டி, செத்த நண்டுகளையும் பிழைத்தவற்றையும் கீழே வைத்தோம். கம்பெனிக்கு நம் பையன்களைக் கூலிக்கு அனுப்புகிற எத்திராஜ் வந்து செத்த நண்டுகளைக் காலால் கிளறினான். "நோஞ்சானாப் பாத்து சுடுதண்ணில போட்டா சாவாம கூத்தா ஆடும்? இன்னா பொன்ராஜு, உன் பொண்டாட்டி படிச்ச படிப்பு இத்தானா?" என்று சிரித்தான். நைனா அவன் வாயில் குத்தினார். முதல் அடி நைனாவுடையது, வல்லரசு. பல் மணலில் விழுந்தது. பிறகு துடுப்பால் நைனாவை அடித்தார்கள், விழுந்த பிறகும் அடித்தார்கள். மிச்ச நண்டுகளை ஓடு நொறுங்க மிதித்தார்கள். என் முடியைப் பிடித்து இழுத்தவன் கையை நான் கடித்தேன், அவன் ரத்தம் என் வாயில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சீட்டுக் குலுக்கினீர்களா என்று நைனாவைக் கேட்டேன். "நல்ல நண்டப் போயி கலீஜ் தண்ணில யாருடி வுடுவா?" என்றார். ஏமாற்றவில்லை, வலையிலிருந்து எடுக்கும்போதே அவர் கை தானாகத் தரம் பிரித்துவிடுகிறது. தண்ணீர்தான் கொல்கிறது என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனால் செத்தது தண்ணீராலா, நோஞ்சானாக இருந்ததாலா என்று இந்தத் தாளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. எத்திராஜ் செய்தது அநியாயம், சொன்னது சரி. இதோடு விசாரணைக்குப் போனால் குப்பமே தோற்கும்.

வேளைக்குச் சாப்பிடு, போட்டில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு இதுவரை தள்ளிப்போட்டேன். நைனா வராதே என்கிறார், நான் வா என்கிறேன். ஆள் வேண்டாம், கத்தி வேண்டாம். கூடைகளை மறுபடியும் இறக்க வேண்டும், படகு ஓட்ட ஆள் இல்லை. இந்தத் தடவை சீட்டை நம் வீட்டில் யாரும் தொடக்கூடாது. எத்திராஜ் கையால் எடுத்தால்தான் பிறகு அவனால் ஒன்றும் சொல்ல முடியாது. நான் கூப்பிட்டால் வரமாட்டான். நீ அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிடு.

இப்படிக்கு,
சித்தி வினிதா