சிவப்புத் தண்ணீர், வெள்ளைத் தண்ணீர்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. குளத்தில் மீன் செத்து மிதக்கிறது, தெருவெல்லாம் நாற்றம். பழி முழுக்க சாயப்பட்டறை தணிகாசலம் அண்ணன் மேல். அவர் வாய்க்காலில் சிவப்பாக ஓடுகிறதாம், வேறு சாட்சி எதற்கு! வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டுப் பட்டறையை மூடவைக்கப் போகிறார்கள். முன்னால் நிற்பது என் வீட்டுக்காரர்.

பரிசோதனைக்குத் தண்ணீரை நான் வேலை பார்க்கும் லேபுக்குக் கொண்டுவந்தவரும் இவரே. ஒரு பாட்டில் பட்டறை வாய்க்கால், இன்னொன்று, ஒப்பிட்டுப் பார்க்க, எங்கள் கொட்டகை வாய்க்கால்; இரண்டும் குளத்தில்தான் விழுகின்றன. பட்டு நூலைச் சோப்பில் வேகவைத்துப் பசை எடுக்கிற கொட்டகை. அதுதான் எங்கள் சோறு. சிவப்புப் பாட்டிலில் பாதி காற்று; காற்று இருந்தால் கணக்குத் தப்பும்.

"தளும்ப நெரப்பணும்னு சொன்னேனா இல்லையா?"

"தண்ணி தானேம்மா, கொஞ்சம் கொறஞ்சா என்னா?"

தலையில் அடித்துக்கொண்டேன். திரும்ப அனுப்பி, நிரப்பி வாங்கினேன். அழுக்கைத் தின்னும் கிருமிகள் மூன்று நாளில் எவ்வளவு ஆக்சிஜனைக் காலி செய்கின்றன என்பதே கணக்கு. அழுக்கு அதிகமென்றால் நல்ல தண்ணீர் நிறையக் கலக்க வேண்டும். சிவப்பில் நிறையக் கலந்தேன், ஒரு பாட்டிலில் மட்டும் கொஞ்சம். எங்களுடையதில் கொஞ்சம்தான். 27 டிகிரி பெட்டிக்குள் வைத்தாயிற்று.

ஜூன் 11, புதன்
கரண்ட் போய்ப் போய் வந்தது. பெட்டிச் சூடு 27-ஐ விட்டு நகர்கிறதா என்று மணிக்கொரு தரம் எட்டிப் பார்த்தேன். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையாம். நல்ல லேப்!

வாங்க வேண்டியவை: ஸ்டார்ச், கையுறை, வீட்டுக்குத் தக்காளி.

தணிகாசலம் அண்ணன் லேப் வாசலில்.
"ரிசல்ட்டு எப்பம்மா வரும்? நாலு குடும்பம் என்ன நம்பிக்கினு இருக்குது."
நாளைக்கு என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 12, வியாழன்
பாட்டில்களைத் திறந்து மருந்து விட்டேன். ஆக்சிஜன் மிச்சமிருந்தால் பழுப்பாகப் படியும், துளியும் இல்லையென்றால் வெள்ளை. சிவப்புத் தண்ணீர் எல்லாம் பழுப்பு, கொஞ்சமாகக் கலந்ததுகூட. எங்களுடையது அத்தனையும் பால் மாதிரி வெள்ளை.

முட்டாள் நான். நம் வீட்டுத் தண்ணீர்தானே என்று குறைவாகக் கலந்தேன். ஆக்சிஜன் முழுக்கத் தீர்ந்துபோனதால் இப்போது எண் சொல்ல முடியாது, மறுபடி மூன்று நாள். ஆனால் மீனுக்கு மூச்சுமுட்ட வைத்தது யார் என்பதில் சந்தேகமே இல்லை.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன்.

"சோப்புத் தண்ணிம்மா அது! வெள்ளையா நொரச்சிக்கினு போவுது, அதுவா மீனைக் கொல்லும்?"

"சோப்பும் பட்டுப் பசையும் கிருமிக்கு விருந்துங்க."

"கூட்டம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காத."

சாப்பிடவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஜூன் 13, வெள்ளி
கூட்டம். இவர் பேச எழுந்ததுமே நானும் எழுந்தேன். பட்டறையை மூடினாலும் குளம் தெளியாது, கெடுப்பது வெள்ளைத் தண்ணீர், எண் திங்கட்கிழமை வரும் என்றேன்.

"யார் வூட்டுத் தண்ணிம்மா அது?" கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"எங்க வூட்டுது."

கூட்டம் கலைந்தது. பட்டறையை மூடும் பேச்சு அத்தோடு நின்றது.

இவர் வழி நெடுக எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "நாளைக்கு நூல் வேக வெக்கறதா, வேணாவா? நீயே சொல்லு."

"வேணாங்க."

கொட்டகையைப் பூட்டி, சாவியை என் மடியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.