வரப்பில் நின்ற வண்டி

ஒரத்தநாடு,
ஐப்பசி 4

அன்பு மகள் செம்மொழிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், மற்றதைக் கீழே எழுதுகிறேன். ரோட்டர்டாமில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய், உன் இருமல் விட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, வாய்ஸ் மெசேஜை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் கேட்பேன் என்று நீயே சொன்னாய். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது, உட்கார்ந்து படி. எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது, அப்பா மேல் அதைவிட இருக்கிறது, சித்தப்பா மேல் இருப்பதை எழுதினால் தாள் போதாது.

ஆடி மாதம் நீ லீவில் வந்து நம் கம்பெனிக்குச் செயலி செய்து கொடுத்தாய். மூன்று அறுவடை வண்டிகளும் எங்கே ஓடுகின்றன, யார் முதலில் பதிவு செய்தார்கள், எத்தனை ஏக்கர் என்று எல்லாம் போனிலேயே தெரியும் என்றாய். ஒரு கம்பெனிக்கு வண்டியும் கட்டடமும் சொத்து இல்லம்மா, அதை யார் வேணும்னாலும் வாங்கிடலாம், கம்பெனிக்குத் தெரிஞ்சதுதான் சொத்து, அதை ஆளுங்க தலையிலேருந்து எடுத்து ஒரு இடத்துல வைக்கணும் என்று நீ படித்ததைச் சொன்னாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நானும் எதிரே உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ரோட்டோரம் இருக்கிற வயலை அறுக்காமல் உள்வயலுக்கு வண்டி இறங்க முடியாது, ஆகவே யார் யாருக்கு வழி விடுவார்கள், யாருக்கு விடமாட்டார்கள், யாரிடம் நேரில் கேட்க வேண்டும், யாரிடம் அவர் சம்சாரம் மூலம் கேட்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே போக, நீ கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, இதெல்லாம் ஊர்க்கதைம்மா, டேட்டா இல்ல என்று லேப்டாப்பை மூடினாய். அன்றைக்கு நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

நீ விமானம் ஏறிய கையோடு, இத்தனை நாள் என்னிடம் இருந்த கம்பெனி போனை சித்தப்பா தஞ்சாவூர் ஆபீசுக்குக் கொண்டுபோய்விட்டார். அண்ணி, நீங்க இத்தனை வருசமா கஷ்டப்பட்டது போதும், இனிமே சீரியல் பாருங்க என்றார். நான் என்றைக்கடி சீரியல் பார்த்தேன்? உன் அப்பா அதைக் கேட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். செயலியைத் திறந்து பார்த்தேன், நிர்வாகி என்ற இடத்தில் அப்பா பெயர், அதற்குக் கீழே சித்தப்பா தியாகராசன் பெயர். நீ போட்டதுதான். என் பெயர் எங்குமே இல்லை. ஓட்டுநர் சாமிதுரையை உனக்குத் தெரியும், நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து நம் வண்டி ஓட்டியவர். வயலுக்கு இறங்கும் முன் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவர் வழக்கம். இனிமே வீட்டுக்கெல்லாம் போன் போடக் கூடாது, செயலி எங்க போகச் சொல்லுதோ அங்க போ என்று சித்தப்பா சொன்னதும், அந்தப் பொட்டிக்குப் பேசத் தெரியுமாண்ணே என்று கேட்டிருக்கிறார். வார்த்தை வளர்ந்து சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். போனா போறான், வண்டி ஓட்ட ஆளா இல்ல என்றார் உன் அப்பா. போனது ஓட்டுநர் மட்டும் இல்லை என்று நான் சொன்னதற்கு, நீ எல்லாத்தையும் பெருசாக்குவே என்றார். பட்டுக்கோட்டைப் பக்கம் புதிதாக வண்டிகள் இறக்கியிருக்கிற ஜாஃபர் சாதிக் பாய் அந்த வாரமே அவரைச் சேர்த்துக்கொண்டார்.

இப்போது நடந்ததைக் கேள். கல்யாண ஓடைப் பக்கம் ராசம்மாள் வயல், குறுவை முற்றி நின்றது, வானம் வேறு தினமும் மிரட்டிக்கொண்டிருந்தது. பதிவு செய்த வரிசைப்படி செயலி அங்கே நம் வண்டியை அனுப்பியது. ராசம்மாள் வயல் உள்ளே இருக்கிறது, முன்னால் இருப்பது வீரையன் வயல், அது இன்னும் அறுப்புக்கு வரவில்லை. இரண்டு பேருக்கும் போர்செட் குழாய் விஷயமாகப் பேச்சுவார்த்தையே கிடையாது. வண்டி வரப்பில் போய் நின்றுகொண்டு ஹாரன் அடித்திருக்கிறது. வீரையன் வந்து என் பயிர்ல ஏத்திட்டுப் போயிருவியா, ஏத்துடா பாப்போம் என்று முன்னால் நின்றுவிட்டார். புது ஓட்டுநர் சித்தப்பாவுக்குப் போன் போட, சித்தப்பா ஸ்பீக்கரில், இது ஆன்லைன் புக்கிங், வண்டி நின்னா வாடகை ஏறும் என்று சத்தம் போட்டிருக்கிறார். யார் மேல ஏறும், உன் அப்பன் மேலயா என்று வீரையன் கேட்டதும் அங்கே நின்ற கூட்டம் சிரித்திருக்கிறது. வண்டி திரும்பி வந்துவிட்டது. அன்று சாயங்காலமே ஒரு பாட்டம் மழை கொட்டியது, ராசம்மாள் பயிர் பாதி சாய்ந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தால் கதிரிலேயே முளைத்துவிடும்.

மறுநாள் விடியற்காலை என் போன் அடித்தது. சாமிதுரை. அக்கா, ராசம்மா நம்ம பாய் வண்டியைக் கூப்பிட்டிருக்கு, வீரையன் அண்ணன்கிட்ட எப்படிக்கா பேசுறது என்று, என்னவோ இன்னும் நம் வண்டியில் இருப்பது போலக் கேட்டார். நானும் சட்னிக்குத் தாளித்துக்கொண்டே சொன்னேன். வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக நடந்து போங்க, வண்டி வந்து நின்ற பிறகு கேட்டா அது கேட்கிறது இல்ல, மிரட்டுறது. ராசம்மா பேரை எடுக்காதீங்க, பாதி நெல்லு முளைச்சிரும்ணே என்று பயிரைப் பற்றி மட்டும் பேசுங்க. இந்த வருசம் அவர் நாற்றங்காலை நடாமல் சும்மா போட்டிருக்கார், அது வழியா இறங்கினா அவர் பயிருக்குச் சேதமில்ல. மத்தியானத்துக்குள் ராசம்மாள் வயல் அறுத்து முடிந்தது, ஜாஃபர் பாய் வண்டியில். கடுகு வெடித்து அடங்கிய பிறகுதான் யாருடைய கம்பெனிக்கு வழி சொன்னோம் என்றே எனக்கு உறைத்தது. பழக்கத்தில் சொன்னேனா வீம்பில் சொன்னேனா என்று திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். இரண்டும் இல்லை. கேட்கிறவர்களுக்குத்தானே சொல்ல முடியும், என்னிடம் கேட்டது அவர் ஒருவர்தான்.

வீரையன் நாற்றங்கால் காலியாகக் கிடப்பது உன் செயலிக்கு எப்படித் தெரியும் சொல். ஆடியில் அது எனக்கே தெரியாது. ஆவணியில் அவர் சம்சாரத்தை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது முழங்கால் வலி பற்றிப் பேசப் போய், அந்த வலியோடு நாற்றங்காலில் நடவு பார்க்க முடியவில்லை என்று அவர் சொல்லித் தெரிந்துகொண்டது. தெரிந்ததை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டால் போதும் என்று நீ நினைத்துவிட்டாய் கண்ணு, அதைத் தெரிந்துகொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டாமா? நீ எழுதுகிற ஆராய்ச்சியில் இதற்கு ஏதாவது பெரிய பெயர் இருக்கும். இங்கே இதற்குப் பெயர் பொம்பளை வம்பு.

டீக்கடையில் யாரோ, உங்க வீட்டம்மா புண்ணியத்துல பாய் வண்டி இறங்கிருச்சு என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து குதித்த குதி கொஞ்சமில்லை. சோத்தைப் போடுறது நானு, நீ வேலை பாக்குறது எதிராளிக்கா என்றார். உங்க கம்பெனியில எனக்கு என்ன வேலைன்னு சொல்லுங்க, நாளையிலேருந்து அதை மட்டும் பாக்குறேன் என்றேன். இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. பிரஷர் மாத்திரையைச் சாப்பாட்டுத் தட்டு ஓரத்தில் வைத்தால் எடுத்துப் போட்டுக்கொள்கிறார், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். எதிர்வீட்டு ஆஷிகாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது, உன்னைக் கேட்டாள். நீ குளித்துவிட்டு ஈரத்தலையோடு அந்தக் காற்றில் போகாதே, காலையில் வெறும் காபியோடு ஓடாதே.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜாஃபர் பாய் நேற்றுப் போன் செய்தார். தங்கச்சி, வீட்டிலேருந்தே பாருங்க, எந்த வயலுக்கு எப்ப வண்டி போகணும்கிறது உங்க முடிவு, உங்க பேரைப் போட்டே நோட்டீஸ் அடிக்கிறேன் என்றார். தப்பா நினைக்காதீங்க, வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டே சொல்லுங்க என்றும் மரியாதையாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். எனக்குப் போக இஷ்டமில்லை செம்மொழி. இந்தக் கம்பெனியை ஒற்றை வண்டியிலிருந்து வளர்த்ததில் எனக்கும் பாதி இருக்கிறது. ஆனால் சும்மா உட்காரவும் முடியாது.

இன்று மத்தியானம் நான் அடுப்படியில் இருக்கிறேன், உன் அப்பா கூடத்தில் இருக்கிறார், என் போன் அடிக்கிறது. அவர்தான். ஹலோ, ஓடைக்கரையில மூணு வயலுக்கு வண்டி விடணும், மொதல்ல யார்கிட்ட கேக்கணும் என்கிறார். கூடத்து ஃபேன் சத்தம் ஒரு காதில் நேராகவும் ஒரு காதில் போனிலும் கேட்கிறது. நானும், எந்தக் கம்பெனியிலேருந்து பேசுறீங்க என்றேன். கம்பெனி பெயரைச் சொன்னார். அந்தக் கம்பெனியில நான் யாருங்க என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது, அடுப்படி வரைக்கும் வருவார் என்று பார்த்தேன், வாசல் பக்கம் போய்விட்டார்.

நீ சொன்னால் கேட்பார். வெள்ளிக்கிழமைக்குள் பேசு. வேண்டியது ஒன்றுதான், பங்குதாரர் பத்திரத்தை மாற்றி எழுதி அப்பா, சித்தப்பா பெயரோடு என் பெயரும் வர வேண்டும், சும்மா உதவிக்கு என்று இல்லை. செயலி இருக்கட்டும், நல்ல செயலிதான், வீணாக்க வேண்டாம். நீ தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், படித்த படிப்புக்கு ஏற்ற பெயரோடு இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு அனுப்பிய பலகாரம் வந்து சேர்ந்தால் சொல், அதிரசத்தை ஒரே நாளில் தீர்க்காதே. மறந்தும் கம்பெனி நம்பரில் என்னைக் கூப்பிடாதே, சித்தப்பா எடுத்து உன்னிடமும் புக்கிங் நம்பர் கேட்பார். பத்திரத்தில் பெயர் எப்படி வர வேண்டும் என்று அப்பா கேட்டால், கீழே இருக்கிறபடியே எழுதச் சொல்.

உன் அம்மா,
இரா. பூங்கோதை, பி.காம்.