மச்சானுக்கு எந்தப் போன்

2025 ஜூலை 14, திங்கள்

மச்சானின் போன் செத்தது. ஜீப்புக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கும்போது சட்டைப் பையிலிருந்து நழுவியிருக்கிறது. எழுந்து வண்டியை எடுத்தவர் அதன் மேலேயே ஏற்றிவிட்டார். உதிர்ந்த பட்டன்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் கையில் கொட்டினார், ஏதோ நான் ஒட்டித் தந்துவிடுவேன் என்பதுபோல.

போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வெள்ளைத்துரை அண்ணன் கடையில் நாள் பூராவும் நின்று டச் போன் விற்கிறவள் நான். ஊரே என்னிடம் வந்து வாங்கிப் போகிறது. என் வீட்டுக்காரர் மட்டும் இத்தனை வருஷமாகப் பட்டனை அமுக்கிக்கொண்டு திரிந்தார்.

"அதே மாதிரிப் பட்டன் போனாப் பாத்துக் கொண்டா, சுஃபி" என்றார்.

இந்தத் தடவை நடக்காது. பூப்பாறை ஏலத்தோட்டத்துக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். நாளைக்கு வேலைக்கு எத்தனை பெண்கள் வேண்டும், எந்தத் தோட்டம் என்பதை எல்லாம் வாட்ஸப்பில்தான் போடுவாராம். ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புக்காரர் எல்லாரும் அந்தக் குரூப்பில் இருந்தாக வேண்டும். ஸ்மார்ட்போன்தான் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

பட்டன் வேண்டும் என்கிறார். வேண்டாம் என்கிறேன். சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஜூலை 17, வியாழன்

டச் போனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன். எழுத்தையெல்லாம் பெரிதாக்கி, தேவையில்லாததை எல்லாம் தூக்கிவிட்டு, குழந்தைக்குப் பாய் விரிப்பதுபோலத் தயார் செய்து கொடுத்தேன். அப்படியும் தோட்டத்து வேலைக்கு வருகிற மொக்கம்மாளைக் கூப்பிடப் போய் மதுரையில் இருக்கிற என் அண்ணனைக் கூப்பிட்டு, "நாளைக்கு அஞ்சு மணிக்கு முக்குல நில்லுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார். அண்ணன் எனக்குப் போன் பண்ணி, எந்த முக்கு என்று கேட்கிறார்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மச்சான் சிரிக்கவில்லை.

"இது வழவழன்னு இருக்கு புள்ள. எங்க எது இருக்குன்னு வெரலுக்குத் தெரிய மாட்டேங்குது."

"வெரலுக்கு எதுக்குத் தெரியணும்? கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

என் பக்கம் ஒரு கணம் திரும்பினார். வெளியே போய்விட்டார். இதற்கெல்லாமா ஒரு மனுஷனுக்குக் கோபம் வரும்?

ஜூலை 19, சனி

ஜன்னத் பள்ளிக்கூடத்தில் இருந்து வரும்போது சைக்கிளோடு விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். மகளுக்கு அத்தாவிடம் செல்லம் கொஞ்ச வேண்டும். என் போனில் ரத்தத்தோடு ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் குரலில் பதில் வந்தது: "ரொம்ப நல்லாருக்குத் தங்கம். பெரிய பிரேமாப் போட்டு மாட்டிருவோம்."

பிள்ளை திகைத்துப்போய் என்னைப் பார்க்கிறாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெற்ற மகள் அனுப்பிய படத்தைத் திறந்து பார்க்கக்கூட நேரமில்லாமல் அப்படி என்ன சோலி? வந்ததும் கேட்டேன். "பாத்தேன், பாத்தேன்" என்றார். பார்த்தவர் பேசுகிற பேச்சா அது?

ஜூலை 23, புதன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மழை. மேலே தோட்டத்தில் வேலை இல்லை. மச்சான் கடைக்கு வந்து, வெள்ளைத்துரை அண்ணனிடம் பட்டன் போன் கேட்டார். அண்ணனும் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். மடக்குகிற போன், கீழே பட்டன், மேலே திரை, வாட்ஸப்பும் ஓடும். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போனது. பக்கத்தில் ஒரு டச் போனையும் வைத்து, "ரெண்டையும் அமுக்கிப் பாத்துச் சொல்லுங்க பாய்" என்றுவிட்டு அண்ணன் டீ சொல்லப் போனார். நான் ஒருவருக்கு சார்ஜர் காட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் மச்சான் கையில் டம்மி.

கண்ணாடி ஸ்டாண்டில் அழகுக்கு அடுக்கி வைத்திருப்போமே, அது. உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் கூடு. திரை இருக்க வேண்டிய இடத்தில் படம் அச்சடித்த ஸ்டிக்கர். பச்சைப் பிள்ளைகூட எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடும். அவர் அந்த ஸ்டிக்கர் மேல் கட்டை விரலை இழுத்து இழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இது பரவாயில்ல சுஃபி. எழுத்து நல்லாத் தெளிவாத் தெரியுது."

டீயோடு திரும்பியிருந்த வெள்ளைத்துரை அண்ணன் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டார். "பாய்க்கு நக்கலப் பாரு!" சார்ஜர் வாங்க வந்தவரும் சிரித்தார். மச்சானும் சிரித்தார். அவர்கள் சிரித்த பிறகு, எதற்கென்று தெரியாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்துவிட்டேன்.

கையிலிருந்த சார்ஜரை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

கண்ணு தெரியல. என் மச்சானுக்குக் கண்ணு தெரியல. யா அல்லாஹ், நான் என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்? கடைக்கு வர்ற கெழவன் கெழவிக்கெல்லாம் எழுத்துத் தெரியுதா அய்யா, தெரியுதா ஆத்தான்னு கேட்டுக் கேட்டு விக்கிறவ. வீட்டுல ஒரு நாள் கேட்டேனா?

அதோடு நிற்கவில்லை மனசு. இவர் நாளைக் காலையில் ஜீப் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப் பாதையில் ஏறுவார். இன்றைக்கு மழை, ஏறவில்லை. நேற்று ஏறினார். முந்தாநாளும் ஏறினார்.

ஜூலை 24, வியாழன்

கேட்டுவிட்டேன். "பொடி எழுத்துத்தான் மங்கல். வண்டி ஓட்டப் பொடி எழுத்து எதுக்கு?" என்கிறார். சுகர் மாத்திரையை எப்போதோ நிறுத்தியிருக்கிறார். அதையும் இன்றைக்குத்தான் சொல்கிறார்.

"நானும் ஒரு நாள் மேல வர்றேன்" என்றேன். மறுப்பார் என்று நினைத்தேன். "சனிக்கிழம வா" என்றார். நான்தான் எதையாவது பெரிதுபடுத்துகிறேனோ?

ஜூலை 26, சனி

உயிரோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முன் சீட்டில் மச்சானுக்குப் பக்கத்தில் மொக்கம்மாள் அக்கா. அவர்தான் பெண்களைத் திரட்டிக் கூட்டி வருகிறவர். அவருக்கு அடுத்து ஓரத்தில் நான். பின்னால் அய்யம்மாளும் மற்ற தோட்டத்துப் பெண்களும். முந்தல் ஊரைத் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியது. அக்கா வெற்றிலையை மென்றுகொண்டு மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

"அவ ஒரு கொழம்பு வச்சா பாரு, வாயில வைக்க— பாய், மாடு. எடது பக்கம்— வைக்க வெளங்கல. எம்மகன் என்னடான்னா— லாரி வருது பாய், ஒதுக்கு— ஆகா ஓகோங்குறான்."

குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல ஸ்டியரிங் திரும்புகிறது. வண்டி ஒதுங்குகிறது, நேராகிறது.

"அக்கா, ஒனக்குத் தெரியுமா?" என்று அவர் காதில் கேட்டேன்.

"எது? பாய் கண்ணா? அது பங்குனியில இருந்தே தெரியும்ல."

"எல்லாருக்குமா?"

"பின்னாடி வர்ற வண்டிய நான் பாத்துச் சொல்லுவேன்க்கா" என்றாள் அய்யம்மாள், கறிக்கு யார் வெங்காயம் உரிப்பது என்று சொல்வதுபோல.

ஜீப் முழுக்கத் தெரிந்திருக்கிறது. பெண்டாட்டிக்குத்தான் தெரியவில்லை. மச்சான் முகத்தைப் பார்த்தேன். ரோட்டைப் பார்ப்பதுபோலவே நேராக வைத்திருந்தார்.

"உசுருக்குப் பயமில்லையா அக்கா ஒங்களுக்கு?"

"வேற ஜீப்புல ஏறிப் பாரு தாயி. ஆள அடைச்சுக் கம்பியில தொங்க விடுவானுவ. எறங்கும்போது கை எங்க போவும்னு சொல்ல முடியாது. ஒரு நாளு பிந்துனா விட்டுட்டுப் போயிருவானுவ. பாய் அப்பிடியில்ல. எங்களுக்குக் கண்ணு இருக்கு, அவருக்குக் கை இருக்கு. போதாதா?"

முன்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

புலியூத்து தாண்டியதும் மஞ்சு இறங்கியது. மலையாளத்துக்காரர்களைப் போல மேலே எல்லாரும் மூடுபனியை மஞ்சு என்றுதான் சொல்வார்கள். ஒரு கொண்டை ஊசிப் பெண்டு திரும்பினோம், முன்னால் வெறும் வெள்ளை. அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். அவருக்கே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வண்டி வேகம் குறையவில்லை. அதே வேகம். ஏன் குறைக்கவில்லை, ஏன், என்று நினைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா ஒன்றும் சொல்லாவிட்டால் ரோடு காலி என்று அவருக்கு அர்த்தம்.

"நிறுத்துங்க மச்சான்! நிறுத்துங்க!"

பிரேக்கை மிதித்தார். பின்னாலிருந்து எல்லாரும் முன்னால் வந்து விழுந்தார்கள். எங்கள் கண்ணாடிக்கு முன்னால், எட்டித் தொட்டால் தொடும் தூரத்தில், பழுதாகி நின்ற லாரியின் முதுகு.

மச்சான்தான் பேசினார்.

"என்ன? என்னமோ நிக்குதா?"

யா அல்லாஹ். முகத்துக்கு நேரே லாரி. என்னமோ நிக்குதான்னு கேக்குறாரு.

ஜூலை 27, ஞாயிறு

ஜீப் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"பதினேழு பெண்டும் எனக்குப் பட்டன் மாதிரி புள்ள. எது எங்க இருக்குன்னு கைக்குத் தெரியும்" என்றார்.

"பட்டன் எடம் மாறாது மச்சான். ரோட்டுல நிக்கிறவன் மாறுவான்ல."

"என் கைய வெட்டிட்ட."

அப்போது நான் அழவில்லை. இதை எழுதும்போதுதான் வருகிறது.

ஜூலை 28, திங்கள்

விடியுமுன் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வண்டி வராது என்றேன். அந்த லாரியை அவர்களும்தானே பார்த்தார்கள்? இருந்தும் மொக்கம்மாள் அக்கா, "எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நாள் முழுக்க அது காதிலேயே கிடந்தது.

ஜூலை 30, புதன்

மதுரை. கண் ஆஸ்பத்திரி. வலது கண்ணில் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லையாம். சுகரால் உள்ளே ரத்தம் கசிந்து கசிந்து இப்படி ஆகியிருக்கிறது. இடது கண்ணை லேசர் வைத்து இருக்கிற மட்டில் காப்பாற்றப் பார்க்கலாம். இனி வண்டி என்கிற பேச்சே கூடாது.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"சும்மாதான் இருக்கேன்" என்றார் மச்சான்.

நிக்காஹ் ஆன நாளிலிருந்து இந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அந்த மடக்குப் போனையே வாங்கி வந்தேன். வெள்ளைத்துரை அண்ணனுக்கு ஆச்சரியம்.

"ஏன் தங்கச்சி, டச் போன்லயே வாயால சொன்னா எல்லாம் செய்யுதே. படிச்சுக்கூடக் காட்டும். நீதான ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்குற?"

தெரியும். நியாயமாகப் பார்த்தால் அதுதான் சரி. ஆனால் அந்த மனுஷர் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கியவள் நான். தடவிப் பார்த்தால் இன்னது இன்ன இடத்தில் இருக்கிறது என்று கைக்குத் தெரிகிற ஒரு பொருளாவது அவரிடம் இருக்கட்டும்.

கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். சாவியை எடுத்த நாளிலிருந்தே என்னோடு பேசுவதில்லை. எது வேண்டுமானாலும் ஜன்னத் வழியாகத்தான். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தெருவில் நிற்கிற ஜீப்பில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார். பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கிறார். எந்த எழுத்துக்கு எந்தப் பட்டன் என்று ஜன்னத் பக்கத்தில் இருந்து சொல்கிறாள். நான் போனால் இருவரும் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அய்யம்மாள் புருஷன் கார்முகில் ஜீப்பை ஓட்டச் சம்மதித்துவிட்டான். நல்ல பையன். குடி கிடையாது, கை சுத்தம். மொக்கம்மாள் அக்காவிடம் போய் நானே சொன்னேன். "பாய் என்ன சொல்றாரு?" என்று கேட்டார். திங்கட்கிழமை முதல் ஓட்டம்.

பாய் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்றைக்குச் செத்துப் பிழைத்தேன்.

விடிகாலை ஃபஜ்ரு தொழுது எழுந்தால் தெருவில் ஜீப் இல்லை. பாயில் மச்சான் இல்லை. அரிசி டப்பாவுக்குள் கை விட்டேன், கார்முகில் வந்ததும் கொடுக்க ஒளித்து வைத்த சாவி இல்லை. ஜன்னத்தை உலுக்கி எழுப்பினேன்.

"அத்தா கேட்டாங்கம்மா. குடுத்துட்டேன்."

அடிப்பதற்குக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. கார்முகிலைக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். மச்சானைக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு அப்பால். தலையில் முக்காடு நின்றதா என்றுகூடத் தெரியாமல் முக்குக்கு ஓடினேன். டீக்கடைக்காரர், "பாயா? பொம்பளைகளோட ஏறிப் போனாரே, அப்பவே" என்றார்.

"எந்தப் பக்கம் ஏறுனாரு? டிரைவர் பக்கமா?"

"அத யாரு கவனிச்சா?"

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மலையைப் பார்த்தேன். பாதிக்கு மேல் மஞ்சு மூடிக் கிடந்தது. கண்ணை மூடினால் லாரியின் முதுகு. சோத்தப் போட்டு, மருந்த ஊத்தி, பேசாம இருந்தாலும் பொறுத்து, கடைசியில இப்பிடியா பண்ணுவாரு? அத்தன பேரு உசுரு. அல்லா, அத்தன பேரு.

எவ்வளவு நேரமோ. போன் ஒரு தடவை அதிர்ந்தது. மச்சானிடமிருந்து எழுத்து. இந்த ஜென்மத்தில் அவர் எனக்கு எழுதிய முதல் எழுத்து. பாதிக்குப் பாதி புள்ளி இல்லை, இங்கே சரியாக எழுதிக்கொள்கிறேன்:

"சுஃபி. மேல வந்துட்டோம். கார்முகில் ஓட்டுறான். தோட்டத்துக்குள்ள வழி அவனுக்குத் தெரியாது, அதான் கூட வந்தேன். நான் பின்னால கம்பியப் பிடிச்சு நிக்கிறேன். ஒருத்தியும் எடம் தரல. பயப்படாத."

டீக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிற அளவுக்கு அழுதிருக்கிறேன். பதில் எழுதப் பார்த்தேன். நடுங்குகிற விரலுக்கு அந்த வழவழப்பில் ஒரு எழுத்தும் சரியாக விழவில்லை. அழித்து அழித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் பெண்களின் சிரிப்புச் சத்தம்.

"சொல்லு புள்ள" என்றார்.