வேம்பியின் கஞ்சியில் நெய் இல்லை

மழை பொய்க்காத நெல்லாழி நாட்டின் காவலனும், ஏழு தெருவுக்கு உடையோனும், வெண்கொக்குக் கொடியோனும், துலாக்கோலைக் கண்டால் மட்டும் நெஞ்சு நடுங்குவோனுமாகிய பெருந்தோள் அதிரன், கடம்பந்துறை நாட்டின் அரசியும், நமக்கு மூத்தவரும், சிறுவயதில் நம் பங்கு வெல்லத்தையும் சேர்த்து உண்டுவிட்டு இன்றளவும் மெலிந்தே இருப்பவருமாகிய பூங்குழை நாச்சியார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் கலங்கள் நிறைக. தங்கள் அரண்மனை அடுப்புகள் அணையாது எரிக. அவ்வடுப்புகளுள் ஒன்றைப் பற்றியதே இவ்வோலை ஆதலின், அவற்றைத் தனியே வாழ்த்தினோம்.

ஆடி நிறைமதி நாளில் நம் நாட்டு அரசன் துலாக்கோலின் ஒரு தட்டில் அமர்வதும், மறுதட்டில் நெல் இட்டு நிறுத்து, அந்நெல்லை ஏழு தெருவாருக்கும் பகிர்வதும் தாங்கள் அறிந்த வழக்கமே. இவ்வாண்டு நம் எடைக்கு நாற்பத்தொரு மரக்கால் நெல் ஏறிற்று. துலாக்கோல் முனகிய ஓசை மக்கள் செவியில் விழாதிருக்க நம் அமைச்சர் மூன்று முறை இருமினார். தாங்கள் அனுப்பிய மருத்துவர் கீரந்தையார் நம் நாடியையும் முழங்காலையும் பார்த்து, இப்படியே போனால் இரண்டாண்டில் அரியணைப் படி ஏறவும் ஆள் பிடிக்க வேண்டிவரும் என்று பணிவுடனே அறிவித்தார். காலையும் மாலையும் தெளிந்த கஞ்சி, நண்பகலில் கீரையும் கைப்பிடிச் சோறும், நாள்தோறும் ஏழு தெருவையும் சுற்றி ஒரு நடை என்பது அவர் வகுத்த முறை.

அம்முறையை நாம் மீறவில்லை. முதல் திங்களில் ஒரு சுற்று நடந்தோம். உடல் மெலியக் காணாமையால் இரண்டாம் திங்களில் இரண்டு சுற்று, மூன்றாம் திங்களில் மூன்று சுற்று என நடையைக் கூட்டினோம். செருப்பு மூன்று இணை தேய்ந்தது. ஐப்பசியில் மீண்டும் தட்டில் அமர்ந்தபோது நாற்பத்தொரு மரக்காலுக்கு மேல் இரண்டு நாழியும் வேண்டியிருந்தது. பட்டினி கிடந்தவன் பருத்தான் என்றால் யார்தான் நம்புவார்?

வந்த சினத்தையெல்லாம் அடுமனைத் தலைவி வேம்பியின் மேல் கொட்டினோம். பத்தொன்பது ஆண்டுகள் நமக்குச் சமைத்தவள், நம் முகவாட்டம் பொறுக்காமல் கஞ்சியில் நெய்யை மறைத்து ஊற்றுகிறாள் என்று முடிவு கட்டினோம். அவள் அடுப்பின்மேல் கை வைத்து இல்லை என்று ஆணையிட்டாள். ஐந்து நாள் அடுமனையில் காவல் வைத்தோம். ஒரு துளி நெய்யும் அகப்படவில்லை. அகப்படாமையையே அவளுடைய கைத்திறனுக்குச் சான்றாகக் கொண்டோம் என்று எழுதுகையில் எழுத்தாணி கூசுகிறது. கொக்கு முத்திரை பொறித்த அவள் அகப்பையைப் பறித்துக்கொண்டு, எல்லைக்கு அப்பால் போகச் சொன்னோம். போகும்போது அவள் அழவில்லை.

"அடுப்பைச் சோதித்தீர்கள், அரசே. நடையைச் சோதிக்கவில்லையே," என்று மட்டும் சொல்லிப் போனாள்.

தாங்கள் அவளுக்கு அடுப்பும் நிழலும் தந்தீர்கள் என்றறிந்தோம். நம்மைக் கடிந்து ஒரு வரியும் எழுதவில்லை. எழுதியிருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது.

அவள் சொல் கீரந்தையார் காதுக்கும் போயிற்று. ஒரு நாள் காலை, தாமும் நம் பின்னே நடக்க இசைவு கேட்டார். கையில் ஒரு மண்பானையும் கொணர்ந்தார். நம் குலமுதல்வர் போரில் தோற்றுப் பசியோடு வந்த நாளில் ஏழு தெருவாரும் தெருவுக்கு ஒரு வீடாக அவருக்கு ஒரு வாய் உணவு ஊட்டிக் காத்தது முதல், நடந்து வரும் அரசனுக்கு ஒவ்வொரு தெருவும் ஒரு கவளம் தருவது நம் நாட்டு வழக்கம். தெருக்கவளம் என்று அதற்குப் பெயர். மறுத்தால் தெருவே தலைகுனியும். அது வாழ்த்தேயன்றி உணவாகாது என்பதும், நோன்பு நாளில் உண்டாலும் நோன்பு முறியாது என்பதும் நாம் பிறந்தது முதல் கேட்டது. ஆகவே என்ன உண்டீர் என்று மருத்துவர் கேட்ட நாளெல்லாம் கஞ்சியையும் கீரையையும் மட்டுமே சொன்னோம். அதில் பொய் இருப்பதாக நமக்குத் தோன்றவே இல்லை.

கீரந்தையார் நாம் வாங்கிய கவளம் ஒவ்வொன்றுக்கும் இணையாக ஒன்று கேட்டு வாங்கிப் பானையில் இட்டார். குயவர் தெருவில் எள்ளுருண்டை, நெசவாளர் தெருவில் அதிரசம், வேறொரு தெருவில் நெய் மணக்கும் பொரிவிளங்காய் உருண்டை. ஒரு சுற்றுக்கு ஏழு. மூன்று சுற்றுக்கு இருபத்தொன்று. அரண்மனைக்கு வந்து பானையை நம் முன் வைத்தார். அது விளிம்பு வரை நிறைந்து, மேலே ஓர் அதிரசம் நின்றது. நடக்க நடக்க ஏன் பருத்தோம் என்பது அவையோர் அனைவருக்கும் ஒரே நொடியில் விளங்கிற்று. நமக்குச் சற்றுப் பிந்தி விளங்கிற்று.

அன்று முதல் நாளுக்கு ஒரு தெருவில் மட்டும் கவளம் என்று விதித்தோம். இனி எல்லாம் கரைந்துவிடும் என்று எண்ணினோம். ஒரு திங்களில் மூன்று நாழி குறைந்ததோடு துலாக்கோல் பிடிவாதமாக நின்றுவிட்டது. காரணம் கேட்டதற்குக் கீரந்தையார், உடல் தன்னிடம் உள்ளதை எளிதில் கைவிடாது என்றார். வரத்து குறைந்தால் அது பஞ்சம் வந்ததென்று அஞ்சிச் செலவைச் சுருக்கிக்கொள்ளுமாம். பசியை முன்னிலும் உரக்கக் கூவச் செய்யுமாம். நடந்த களைப்பில் நண்பகல் முழுதும் நாம் படுத்துக் கிடந்ததும், பசியால் உறக்கம் கெட்டதும் அதற்குத் துணை நின்றனவாம். நம் தந்தையார் வழியில் அனைவரும் பருத்தவர் என்பதையும் நினைவூட்டினார். குற்றம் தம் முறையிலும் உண்டென்று தாமே ஒப்புக்கொண்டார். வெறுங்கஞ்சி போதாது, பயறும் காயும் கலந்து வயிறு அமைதியுறும்படி ஆக்க வேண்டும், எடை குறைய ஆண்டுகள் ஆகலாம், குறையாவிடினும் முழங்கால் வலுப்படும் என்றார். அப்படி ஆக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டோம். அவர் தங்கள் நாடு இருக்கும் திசையைப் பார்த்தார்.

திரும்பி வர இசைவாளா என்று உப்பு வணிகர் வழியே வேம்பியைக் கேட்டிருந்தோம். அவள் சொல்லி அனுப்பியது இது:

"என் கஞ்சியில் நெய் இல்லை என்று ஏழு தெருவிலும் முரசு அறையட்டும். பிறகு யோசிக்கிறேன்."

முரசறைவோனை அழைத்தோம். பிறகு அவனை இருக்கச் சொல்லிவிட்டு, முரசை நாமே தோளில் மாட்டிக்கொண்டு நடந்தோம். வேம்பியின் கஞ்சியில் நெய் இல்லை, பிழை அரசனுடையது என்று தெருவுக்கு மூன்று முறை கூறினோம். நெசவாளர் தெருவில் ஒருத்தி, அப்படியானால் பிழை எங்கள் அதிரசத்தினதோ என்று கேட்டாள். அதிரசம் குற்றமற்றது, உண்டதைக் கணக்கில் கொள்ளாத வாயே குற்றமுடையது என்று தீர்ப்பளித்தோம். அன்று எத்தனை நாழி குறைந்ததென்று நிறுத்துப் பார்க்கவில்லை. நெஞ்சு கொஞ்சம் இலேசாயிற்று, அவ்வளவே.

அக்கையாரே, அவளை அனுப்பும்படி தங்களுக்கு ஆணையிட நமக்கு உரிமையில்லை. அவளுக்கு ஆணையிடும் தகுதியையும் இழந்தோம். இவ்வோலையுடன் அவள் அகப்பை வருகிறது. வர மனமிருந்தால் அதை ஏந்தி வருவாளாக. மனமில்லையேல் அதை அவளே வைத்துக்கொள்வாளாக. அது என்றும் அவளுடையது. அவள் இல்லாத அடுமனையைக் கடந்து போவது நமக்குக் கடினமாக இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

நம் நாட்டார்க்கு நம் ஆணை: வேம்பி எந்நேரம் வரினும் எல்லை வாயில் திறக்கப்படும். அவள் அடுப்பில் வேறெவரும் கலம் ஏற்றலாகாது. அவள் வரும் செய்தி கேட்டதும் அரசன் சிவிகையின்றி எல்லை வரை நடந்து சென்று எதிர்கொள்வான். வழியில் எவர் என்ன நீட்டினும் வாய் திறவான்.

இவை கூறி, கொக்கு முத்திரை இட்டோம். முத்திரை மோதிரம் விரலை விட்டுக் கழலாமையால், விரலோடு சேர்த்தே அரக்கில் பதித்தோம். முத்திரையின் ஓரத்தில் தெரியும் தடித்த தடம் கண்டு போலியோலை என ஐயுற வேண்டா. வேம்பியிடம் காட்டினால், யார் விரல் என்று அவள் சொல்லுவாள்.