சேக்காளி பிடித்த கயிறு

என் பிரியமுள்ள ஈசாக்கு,

நீ இறந்த செய்தியைப் பத்திரிகையில்தான் பார்த்தேன். படம் பெரிதாக இருந்தது. தூத்துக்குடிக் கடலை உலகுக்குக் காட்டிய இஸ்ரேலிய நாவலாசிரியர் என்று போட்டிருந்தார்கள். அழுவதற்கு முன்னால் அந்த வரியை மறுபடியும் படித்தேன். கடல் என் வீட்டு வாசலில் அல்லவா கிடந்தது?

நீ கொச்சியிலிருந்து வந்த யூத வீட்டுப் பையன். உன் அப்பாவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. யுத்த காலத்தில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தோம். இருவரும் கதை எழுதினோம். வாத்தியார் என்னுடையதைத்தான் வகுப்பில் வாசித்தார், ஞாபகமிருக்கிறதா? இஸ்ரேல் பிறந்த மறுவருஷம் நீ கப்பலேறினாய். ஆரஞ்சுத் தோட்டத்தில் பாடுபட்டு, எபிரேயம் கற்று, அதிலேயே நாவல் எழுதினாய். பரிசுகள் வந்தன. பல மொழிகளுக்குப் போனாய். நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டு, காற்றின் பெயர்களையும் நீரோட்டத்தின் பெயர்களையும் சரிபார்த்தபடி, என் நாவலின் முதல் அத்தியாயத்திலேயே நின்றுவிட்டேன். நாம் பார்த்தது சங்கு குளிப்பதை. நீ கூசாமல் முத்து என்று எழுதினாய். அந்தத் துணிச்சல் உனக்கு எங்கிருந்து வந்தது?

இப்போது ஒரு பதிப்பாளர் அந்த நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கச் சொல்லியிருக்கிறார். திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர்கள் சிலருக்கு வாசித்துக் காட்டினேன். உன் நாயகன் கடலுக்குள் இறங்க, அவனை மேலே இழுக்க வேண்டிய கயிற்றைப் படகில் பள்ளித்தோழன் பிடித்திருக்கும் இடம் வந்ததும் சிரிப்பு.

"சேக்காளி கையிலயா கயிறு? வெளங்கிரும்."

"எழுதுனவரு கடலக் கண்ணால பாத்திருக்காரா அண்ணாச்சி?"

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்றே ‘இது ஆசிரியரின் பிழை’ என்று அடிக்குறிப்பு எழுதினேன்.

எழுதிய கையோடு என் பெரியப்பா மகன் அந்தோணி அண்ணன் ஞாபகம் வந்தது. அவர் சங்கு குளிக்கப் புறப்பட்ட ஒரு காலையில் நீ கயிற்றைத் தொட்டு, "நான் பிடிக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டாய்.

"ஒனக்குத் தங்கச்சி இருக்காளாலே? எனக்குக் கெட்டி வச்சிட்டு வந்து பிடி. மச்சான்தாம்லே கயித்த விடமாட்டான். தங்கச்சி தாலியில்லா அது? கூடப்பொறந்தவன் சொத்துக்கு ஆசப்பட்டு விட்டாலும் விட்டுருவான்."

"அப்ப சேக்காளி?"

"சேக்காளி பீடி பத்த வச்சிக்கிட்டு இருப்பான்."

படகே சிரித்தது. நீ சிரிக்காமல் என்னைப் பார்த்தாய்.

ஆக, தெரிந்தேதான் எழுதியிருக்கிறாய். உன் நாவலில் அந்தத் தோழன் பயந்த சுபாவக்காரன். போட்ட முடிச்சை மறுபடி மறுபடி சோதிப்பவன். உள்ளங்கைத் தோல் உரிந்தும் கயிற்றை விடுவதில்லை. அது யாரென்று நான் கேட்க வேண்டுமா? நான் அப்படிப் பிடித்திருப்பேனா, ஈசாக்கு? எனக்கே நிச்சயமில்லாததை நீ ஊருலகத்துக்கெல்லாம் சொல்லிவிட்டாய். பெருந்தன்மையிலும் நீதான் முந்திக்கொண்டாய்.

அடிக்குறிப்பை அடித்துவிட்டேன். மொழிபெயர்ப்பை முடித்துக் கொடுத்துவிடுவேன். கயிறு அவன் கையிலேயே இருக்கும். திரேஸ்புரம் சிரித்தால் சிரிக்கட்டும். பொறாமை மட்டும் போகவில்லை. அது போகுமென்று நீயும் எதிர்பார்த்திருக்க மாட்டாய்.

மச்சான் முறை இல்லாத உன் சேக்காளி,
சவரிமுத்து