பிறை பார்க்கப் போன மாலைகள்

மெர்கோங் கடைவரிசையில் இன்று நோன்புக் கஞ்சி வாசம். இஞ்சியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்த வாசத்தில் காரை நிறுத்திவிட்டேன். உன் கடையை இப்போது உன் மகள் நடத்துகிறாள். என்னைப் பார்த்ததும், கேட்காமலே கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டி, "சூடா குடிங்க, மாமா" என்றாள். குடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஆண்டும் நோன்பு மாதம் முடியப்போகும் மாலையில் என்னைக் கோலா கெடா கடலோரத்துக்கு இழுத்துக்கொண்டு போவாய். பிறை தெரிந்ததா என்று அதிகாரிகள் பார்த்து டிவியில் அறிவிப்பார்கள். அதன்படிதான் பெருநாள். ஆனாலும் உனக்கு உன் கண்ணால் பார்த்தாக வேண்டும். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அது வேடிக்கை.

"கணக்குப் போட்டாச்சுடா. சூரியன் இறங்குன கையோட பிறையும் இறங்கிடும். எதுக்கு இவ்வளவு தூரம்?"

"உன் கணக்கு சரியாத்தான் இருக்கும் லா. நிலா எங்க இருக்குன்னு அது சொல்லும். நான் காத்திருந்தேனான்னு சொல்லுமா?"

சர்க்கரை வியாதி உன் கண்ணைக் கெடுத்த வருடம், பிறை தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்றது கணக்கு. மீன்படகுகள் ஆற்றுக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்துச் சொல்லுடா" என்றாய். செம்மேகத்துக்கு மேலே வெள்ளையாய் ஒரு கீற்று. உன் முகத்தைப் பார்த்தேன். தெரிகிறது என்று சொல்லிவிட அத்தனை ஆசை. மறுபடி பார்த்தபோது கீற்று கலைந்துபோயிருந்தது.

"மேகம்தான்டா. பிறை இல்ல."

நீ வாடிப்போவாய் என்று நினைத்தேன். சிரித்தாய். "நீ ஆமான்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். சாட்சி சொல்றவன் ஆசைக்குச் சொல்லக் கூடாதுடா."

ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளிடம் நான் மூச்சுக்கு மூச்சு சொல்வது அதுதானே. சான்றை எடைபோடுவது எங்கள் தொழில் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஆனாலும் நாம் ஒன்றில்லை. அது மருத்துவமனையில்தான் தெரிந்தது. உன் சிறுநீரகம் கைவிட்டுக்கொண்டே வந்தது. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"இத்தனை மாசமா அல்லாகிட்ட துஆ கேக்குற. ஒண்ணும் மாறல. ஒரு மருந்து இப்படி இருந்தா எப்பவோ தூக்கிப் போட்டிருப்போம்."

உனக்குக் கோபம் வரவில்லை. "மருந்துன்னா சோதிச்சுப் பாரு. கேக்கலைன்னா மாத்து. துஆ மருந்து இல்லடா. நான் அவன சோதிக்கல. அவன்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."

சான்று எதிராக வந்தால் விட்டுவிடுவதற்குத் தயாராக இருப்பதுதான் என் வழி. உன் நம்பிக்கையில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. அதை நான் பலவீனம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் மருத்துவர் வந்து நின்றபோது, "மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டவன் நீ. அவர் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய். அன்றைக்கே மகளைக் கூப்பிட்டுக் கடைச் சாவியைக் கொடுத்தாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாய். நான் உன் கையை விடவில்லை.

அடுத்த பெருநாளுக்கு நீ இல்லை.

நான் இன்னும் நம்பிக்கையாளன் ஆகிவிடவில்லை. இறந்தவர்களுக்குக் கேட்குமா என்று மாணவன் யாராவது கேட்டால், அதற்குச் சான்று இல்லை என்றுதான் சொல்வேன். அதுதான் உண்மை. ஆனால் தனியாகக் கார் ஓட்டும்போது உன்னோடு பேசுகிறேன். பள்ளிக்கூடத்துச் சண்டை, முழங்கால் வலி, உன் மகள் கஞ்சியில் உப்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டது, எல்லாவற்றையும் சொல்கிறேன். பதில் வராது என்று தெரியும். பதிலுக்காகப் பேசவும் இல்லை.