போர்வையில் என் சட்டைத்துண்டு

அக்கா,

பேசாமல் இருந்தது போதும். உன் வீட்டுக்காரரோடு பேசுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். அதில் உன்னோடு பேச வேண்டியதும் நின்றுபோயிற்று. நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. இப்போது என் மேஜைமேல் உன் தைல டப்பா இருக்கிறது. திறந்தால் மெஷின் எண்ணெய் வாசனை. உள்ளே எண்ணெய்த் துணி சுற்றிய ரிப்பர். உப்புக்காற்றில் வீட்டுச் சாவிகூடத் துருப்பிடிக்கும் ஊரில், தையல் பிரிக்கிற அந்தச் சின்னக் கத்தியை மட்டும் பளபளப்பாகவே வைத்திருந்தாய்.

செல்விதான் கொண்டுவந்தாள். உன் மகள் தலைப்பிரசவத்துக்காகக் குப்பத்துக்கு வந்திருக்கிறாள். பழவேற்காட்டில் பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலேறி மீஞ்சூரில் என் கதவைத் தட்டினாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. தண்ணீரைக் குடித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு போர்வையை எடுத்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆன கையோடு, பிறக்கப்போகிற பிள்ளைக்காக நீ தைத்து வைத்ததாம்.

பிறந்த பிள்ளையைச் சொந்தக்காரர்கள் உடுத்திப் பழசான துணியில்தான் கிடத்த வேண்டும் என்பாய். அடியில் பழைய சேலைகளை மடித்து அடுக்கி, மேலே துண்டு துண்டாக ஒட்டுப் போட்டிருக்கிறாய். நம் நைனாவின் வேட்டி, அம்மாவின் சுங்குடிச் சேலை, உன் வீட்டுக்காரரின் லுங்கி. அந்த லுங்கித் துண்டுக்குப் பக்கத்திலேயே, நட்டநடுவில், நீலக்கட்டம் போட்ட என் காலேஜ் சட்டை. பாக்கெட்டடியில் இருந்த இங்க் கறையோடு.

"மாமா, கோச்சிக்காதீங்க. இத மட்டும் பிரிச்சி எடுத்துக் குடுத்துடுங்க" என்றாள். "எங்க நைனா பாத்துட்டாரு."

"இன்னா சொன்னாரு?"

"அவன் சட்ட எம்பேரன் முதுகுல படக்கூடாதுன்னாரு. படிச்சவன் சட்டைல இங்க்கு கறைதான் ஒட்டும்னாரு."

இதற்கு நான்தானா கிடைத்தேன் என்று கேட்டேன். டைலரிடம் கொடுத்தால் துணியோடு வெட்டிவிடுவார், பிரிக்கிறதில் எங்க தம்பிய மிஞ்ச ஆளில்லை என்று அம்மா சொல்லும் என்றாள். அவள் அப்பாவின் பிடிவாதம் அப்படியே இருக்கிறது அவளிடம். எழுந்திருக்கும்போது போர்வையை என் மடியில் வைத்தாள். "இத எடுக்கலன்னா போர்வையப் பொட்டில வெச்சிப் பூட்டிடுவாராம். எம்புள்ளைக்கு எங்கம்மா தெச்சது இது ஒண்ணுதான் மாமா."

பிரிக்கிறதைப் பற்றி அவள் சொன்னது சரிதான். நீ மெஷின் மிதிப்பாய், நான் கீழே பாயில் உட்கார்ந்து பிரிப்பேன். குப்பத்துப் பெண்கள் போன வருடத்து ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இளைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே பெரிசாக்கச் சொல்வார்கள். நீ சிரிக்காமல் வாங்கிக்கொள்வாய். உள்ளே தாராளமாகத் துணி விட்டு மூன்று வரிசைத் தையல் போட்டிருப்பாய். உள்வரிசையைப் பிரித்தால் ஜாக்கெட் ஒரு சுற்று பெருக்கும். நாலைந்து தையலுக்கு ஒன்றாக நான் அறுத்துக்கொண்டே போய், மறுபுறம் நூலை இழுத்தால் முழுசாக உருவிக்கொண்டு வரும். "ரிப்பரத் தொட்டா கோவத்த வெளிய வெச்சிட்டு வா. இல்லன்னா அன்னிக்கு ஒரு ஜாக்கெட் காலி" என்பாய். எனக்குச் சின்ன வயதிலேயே கோபம் அதிகம்.

பாரிமுனையில் உனக்கு ரிப்பர் வாங்கப்போனால் கடைக்காரர் அலுத்துக்கொள்வார். பத்து ரிப்பரையாவது பிரித்துப் பார்ப்பேன். பிடி தடிமனாக, உருளாமல் இருக்க வேண்டும். மெல்லிசாக இருந்தால் உனக்கு விரல் மரத்துப்போகும். நீள முனை ஊசிபோல மெலிந்திருக்க வேண்டும். குட்டை முனையில் இருக்கும் சிவப்பு மணி வழவழப்பாக இருக்க வேண்டும். பிசிறு இருந்தால் துணியில் மாட்டும். இரண்டு முனைக்கும் நடுவில் இருக்கும் வளைவில்தான் வெட்டு. அங்கே ஒரு நூலை வைத்தால், இழுக்காமலே அறுபட வேண்டும். மொட்டையான ரிப்பரை நீ வைத்துக்கொள்ளவே மாட்டாய். நூல் அறுபடாத எரிச்சலில் கை ஓங்கும், துணி கிழியும் என்பாய். ரிப்பருக்கு நீ வைத்த பேர் கெளுத்தி முள்ளு.

பாடு விஷயத்துக்குப் பிறகு அதெல்லாம் நின்றது. ஏரியில் யார் எப்போது வலை போடுவது என்று ஊர்கூடி முறை வைப்பதுதான் பாடு. நைனாவுக்குப் பிறகு அவருடைய முறை எனக்கு வர வேண்டியது. கூட்டத்தில் எழுந்து, "ரயில்ல ஆபீஸ் போறவனுக்கு ஏரி எதுக்கு?" என்று முதலில் கேட்டவர் உன் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். முறை அவருடைய தம்பிக்குப் போயிற்று. எனக்கு வலை இழுக்க வராது என்பது உண்மைதான். ஆனாலும் என் ஊரில் எனக்கு என்று இருந்த இடம் அது ஒன்றுதான். மறுநாள் நீ வந்து, "நான் இன்னாடா பண்ணட்டும்?" என்று கேட்டாய். கூட்டத்தில் பெண்களுக்கு ஏது பேச்சு. நான் ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன். பிறகு உனக்குப் பிறந்த வீட்டுக் கோடி எடுத்துக்கொண்டுதான் உன் வாசலுக்கு வந்தேன். சேலையை வாங்கி உன்மேல் போர்த்தினார்கள். உட்கார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் ஜன்னலோரம் போர்வையை விரித்து உட்கார்ந்தேன். நைனாவின் வேட்டித் துண்டில் தையல் பெரிது பெரிதாக இருக்கிறது. முனை சுலபமாக நுழைகிறது. அம்மாவின் சேலையிலும் அப்படித்தான். என் சட்டையைச் சுற்றி மட்டும் தையலை மெஷினில் முடிந்தமட்டும் சின்னதாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறாய். எது எந்த வரிசை என்று தெரியவில்லை. ஜாக்கெட்டுக்குக்கூட அத்தனை துணி உள்ளே விடுகிறவள், இதில் நகக்கண் அளவுகூட விடவில்லை. என் சட்டை ஓரத்தையும் அவருடைய லுங்கி ஓரத்தையும் சேர்த்து மடித்துத் தைத்திருக்கிறாய். ஒன்றை எடுத்தால் மற்றது நாராகிவிடும்.

அவசரத்தில் வந்த தையல் இல்லை இது. நீ அவசரமாகத் தைத்ததையெல்லாம் பிரித்தவன் நான்.

என்னால் முடியாது என்று நினைத்துவிடாதே. பாரிமுனைக்குப் போய்ப் புது ரிப்பர் வாங்கி, ஒவ்வொரு தையலாக, நீள முனையால் நெம்பி நெம்பி எடுத்தால் அவருடைய லுங்கியில் ஓர் இழைகூட அறாமல் என் சட்டையைத் தனியாக எடுத்துவிடுவேன். ஒரு மூலையில் கொஞ்சம் பிரித்தும் பார்த்தேன். அப்புறம் ரிப்பரைக் கீழே வைத்துவிட்டேன். ஊர்க்கூட்டத்திலிருந்து என்னை எடுத்தது அவருடைய வாய். இந்தப் போர்வையிலிருந்து என்னை எடுக்க என் கையையே கேட்கிறார்கள். அதற்கு நான் ஆள் இல்லை அக்கா. பிரித்த மூலையை ஊசிநூல் எடுத்துத் திரும்பத் தைத்துவிட்டேன். உன் தையல் மாதிரி இல்லை, கோணல்.

செல்வி வந்தால் போர்வையை அப்படியே கொடுப்பேன். ரிப்பர் என்னிடமே இருக்கட்டும். பாடு பறிபோனதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. அதுவும் என்னிடமே இருக்கட்டும். ஆனால் பிள்ளை உன் துணியில்தான் படுக்க வேண்டும்.

இந்த மடலை உன் பேருக்கு, குப்பத்து விலாசத்துக்கே அனுப்புகிறேன். தபால்காரர் அவருடைய கையில்தான் கொடுப்பார். எழுத்துக்கூட்டியாவது படிப்பார். யார் எழுதியது என்று முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அடியில் என் பேரைப் பார்த்தால் வீம்புக்காகவே போர்வையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். பேர் இல்லாவிட்டால், எவனோ என்னத்தையோ எழுதியிருக்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டிச் சாவியைச் செல்வியிடம் கொடுத்துவிட அவருக்கு ஒரு வழி இருக்கும். அந்த வழியை அவருக்கு விட்டுவைக்கிறேன். கையெழுத்துப் போடாமல்தான் தபாலில் சேர்க்கப்போகிறேன்.